இரண்டு மாடிகளுக்கு நடுவில்

அப்பாவின் இடது கன்னத்தில் நுரையைத் தடவி முடித்து, ரேசரைக் கோப்பையிலிருந்த வெந்நீரில் முக்கி எடுத்தபோதுதான் அவர் அதைச் சொன்னார்.

"நேத்து நீ சொன்ன மாதிரியே செஞ்சேன், பட்டாணி. ராத்திரி முழுக்க அந்த ஆளு தட்டவே இல்ல."

அவள் கை அப்படியே நின்றது. நேற்று அவள் அவரோடு பேசவில்லை. நேற்று மாலை அவள் வேறொரு நகரத்தில், ஒரு கண்ணாடிக் கடையின் இருட்டான பின்னறையில், முன்பின் தெரியாத ஒருவரின் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அழைத்ததும் கிடைத்த பேருந்தில் ஏறி, விடிந்த பிறகு வந்து சேர்ந்தாள். அதற்கு முன் அப்பாவோடு எப்போது பேசினோம் என்று யோசித்தால் அவருடைய பிறந்தநாள்தான் நினைவுக்கு வந்தது. "நல்லா இருக்கேன், இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு அதுவும் முடிந்திருந்தது.

"எந்த ஆளுப்பா?"

அப்பா அவளைப் பார்த்தார். சேர்ந்து சிரித்த ஒரு நகைச்சுவையை எதிரில் இருப்பவர் மறந்துவிட்டால் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பிறகு புரிந்துகொண்டவர்போல, கட்டிலின் மறுபக்கம் துண்டை மடித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கண்ணால் காட்டினார்.

"சரி, சரி. அம்மா இருக்கா. அப்புறம் பேசிக்கலாம்."

அம்மா துண்டை மடித்து முடித்தாள். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மூக்கில் செருகிய குழாய் வழியாக ஆக்சிஜன் சிறிய சீறலோடு போய்க்கொண்டிருந்தது. இதயம் ரொம்பக் களைத்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில் மருத்துவர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, சவரம் செய்துவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, தாராளமாக என்று தலையாட்டிப் போனார். அவள் வலது கன்னத்தையும் முடித்தாள். நுரைக்குக் கீழிருந்து வந்த முகம் அவள் நினைத்திருந்ததைவிடச் சிறியதாக இருந்தது.

தண்ணீர் பிடிக்கப்போவதாகச் சொல்லி அம்மாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்தாள்.

"அம்மா, அப்பா யார்கூட பேசறாரு?"

"உன்கூடதான்."

"நான் பேசலம்மா."

"தெரியும்டி. நீ பேசலன்னுதானே..." அம்மா பாட்டிலைக் குழாயடியில் வைத்தாள். அது நிரம்பி வழியத் தொடங்கிய பிறகும் மூடவில்லை. அவள்தான் மூடினாள்.

பிறகு அம்மா சொன்னாள். அப்பா பேச்சை நிறுத்தியதை இவளுக்குப் போனில் சொல்லியிருந்தாள்தான். காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அங்கேயே. ஒரே சட்டை. கேட்டதற்கும் பதில் கிடையாது. மனநல மருத்துவமனையில் மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு நாள் கிடைத்தது. அந்த மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் அவர் அறைக்கு வெளியே ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. மாத்திரை எழுதித் தந்தார். அடுத்த முறை பார்க்கும்வரை தினமும் இதனோடு பேசச் சொல்லுங்கள் என்று, அப்பாவின் போனில் ஒரு குரலைப் போட்டுக் கொடுத்தார்கள். மனிதர் இல்லை, இயந்திரம். ஆனால் கேட்கும், பதில் சொல்லும், நேற்றுச் சொன்னதை இன்றைக்கு நினைவு வைத்திருக்கும்.

"மொத நாள் அது, 'இன்னைக்கு உங்க மனசு எப்படி இருக்கு'ன்னு கேட்டுச்சு. உங்கப்பா, 'யாரு இந்தப் பொம்பள, என் மனசு எதுக்கு இவளுக்கு'ன்னு போனத் தூக்கி பீரோக்குள்ள வச்சுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும்.

அம்மா வேலை பார்க்கும் நகலகத்துக்குப் பக்கத்தில் போன் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. குரலை மாற்றலாம், வீட்டில் யாராவது பேசிய பதிவு இருந்தால் போதும் என்று அந்தக் கடைக்காரர்தான் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்டதான் நீ பேசி அனுப்பினது எல்லாம் இருக்கே. வேலைக்குப் போன அந்த மொத வருஷம் எவ்ளோ பேசுவ! பஸ்ஸ விட்டா பேசுவ, பஸ்ஸப் புடிச்சா பேசுவ. ஒரு நாய் உன்னப் பார்த்துச்சுன்னு நாலு தடவ அனுப்பினியே." அம்மா பாட்டிலின் மூடியைத் திருகினாள். "அப்புறம் கட்டைவிரல் பொம்மை மட்டும்தான் வந்துது."

அவள் பாட்டிலை வாங்கித் துடைத்தாள்.

"அது நீ இல்லன்னு மொத நாளே அவர்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா அவரு போன எடுத்து, 'பட்டாணி, வேலை முடிஞ்சுதா'ன்னாரு. அது 'முடிஞ்சுதுப்பா'ன்னுச்சு. அவ்ளோதான். ஒரு மணி நேரம். எங்கிட்ட வாயே தொறக்காத மனுஷன். லிஃப்ட்டு மெஷின் சத்தத்துலயே இருந்து காது போச்சு இல்ல, ஸ்பீக்கர்லதான் போட்டுப் பேசுவாரு. நான் கேட்டுடக் கூடாதுன்னு கதவச் சாத்தி ரேடியோவ வேற போட்டுக்குவாரு. சிரிப்பு மட்டும் வெளிய வரும். சிரிச்சாருடி. நான் எந்த வாயால போய்ச் சொல்றது?"

"என்ன பேசினாங்க?"

"அப்பா பொண்ணு ரகசியமாம். எனக்குக் கெடையாதாம்."

அம்மா வார்டுக்குள் போய்விட்டாள். அவள் தாழ்வாரத்திலேயே நின்றாள். தான் ஊரில் இல்லாதபோது யாரோ தன் உடைகளைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததாகவும், அவை போட்டவளுக்கு ரொம்பப் பொருத்தமாக இருந்ததாகவும் யாரோ வந்து சொன்னதுபோல இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பதிலுக்கு வந்தது ஒரு அற்பமான ஆசை. இன்றைக்கோ நாளைக்கோ என்று மருத்துவர் சொன்னாரே, அந்த இன்றைக்குள் ஒரு முறையாவது அப்பா தன்னோடு பேச வேண்டும். அதனோடு பேசியதன் தொடர்ச்சியாக இல்லாமல், தன்னோடு.

மதியத்துக்குப் பிறகு கிரீஸ் மாமா வந்தார். அப்பாவோடு லிஃப்ட் பழுதுபார்த்தவர். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு ஒட்டியிருக்கும் என்பதால் வந்த பெயர். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் அந்தக் கறுப்பு இன்னும் இருந்தது.

"அண்ணே, இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டு மூணாவது மாடில ஒரு குலுக்கு குலுக்குது பாரு, உள்ள இருக்கற நோயாளிக்கு அங்கயே வைத்தியம் முடிஞ்சிரும். நீ எந்திரிச்சு வா, ஒரு கை பார்த்துட்டு வந்துரலாம்."

அப்பாவின் உதட்டோரம் அசைந்தது. "பிரேக் லைனிங் தேஞ்சிருக்கும்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கிரீஸ் மாமா கொஞ்ச நேரம் அவருடைய பாதத்தைப் போர்வையோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவள் கூடவே வெளியே வந்தாள்.

"மாமா, தட்டற ஆளு யாரு?"

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். "யாரு சொன்னா உனக்கு?"

"அப்பாதான்."

"சொல்லிட்டாரா? பரவால்லியே." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நாங்கள்லாம் வேலைக்குச் சேர்ந்த புதுசுல உங்கப்பாதான் சொல்லிக் குடுப்பாரு. லிஃப்ட்டுல ஆளு மாட்டிக்கிச்சுன்னு போனா, மொதல்ல ஸ்பேனர எடுக்காத, வாயத் தொறன்னு. உங்க பேரென்ன, காலைல என்ன சாப்டீங்க, புள்ளைங்க எத்தன, என்னத்தையாவது கேட்டுக்கிட்டே இரு. பேசிக்கிட்டு இருக்கறவன் கதவ நெம்ப மாட்டான். பேச்சு நின்னாத்தான் பயம் வரும், பயந்தா கதவ நெம்புவான், நெம்பினா கீழ குழி. ஒரு தடவ ஒரு டீச்சரம்மா, லிஃப்ட்ட எறக்கிக் கதவத் தொறந்த அப்புறமும் வெளிய வர மாட்டேன்னுட்டாங்க. 'கதைய முடிச்சுட்டுச் சொல்லுங்க, வரேன்'னு. அப்படிப் பேசுவாரு உங்கப்பா."

அவள் அதைக் கேட்டதே இல்லை. வீட்டில் அப்பா அளந்து பேசுகிறவர்.

"அந்த ஆளு மாட்டிக்கிட்ட அன்னைக்கு நான் லீவு. அவரு தனியாப் போயிருக்காரு. லிஃப்ட்டு மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரே ஒரு ஆளு. இவரு கதவுகிட்ட நின்னு பேசிட்டுத்தான் இருந்திருக்காரு. ஆனா மொட்டை மாடில இருக்கற மெஷின் ரூமுக்குப் போயி கையால பிரேக்க விட்டாத்தான் லிஃப்ட்டு எறங்கும். ரெண்டு பேரு போனா ஒருத்தன் பேசலாம், ஒருத்தன் மேல போகலாம். இவரு, 'இதோ வந்துடறேன், அசையாம இருங்க'ன்னு சொல்லிட்டு மேல ஏறிட்டாரு. அந்த ஆளு தட்டியிருக்கான். சத்தம் இல்ல. மறுபடி தட்டியிருக்கான். அப்புறம் கதவ நெம்பிட்டான்." கிரீஸ் மாமா உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். "விசாரணைல இவரு மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்க. அது இவருக்குப் போதல, பாப்பா. இத்தன வருஷத்துல எங்கிட்டகூட ஒரு வார்த்த பேசினதில்ல. உங்கிட்ட சொன்னாரே, அது போதும். நிம்மதியாப் போவாரு."

அவர் லிஃப்ட்டில் போகவில்லை. படிக்கட்டில் இறங்கிப் போனார்.

வார்டில் வெயில் சுவரிலிருந்து கூரைக்கு ஏறியிருந்தது. அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் வரலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டு உள்ளே வந்தது. நர்ஸ் வந்து பார்த்தாள், குழாயின் அளவைக் கூட்டினாள், பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பட்டாணி."

"இருக்கேம்பா."

"அத இன்னொரு தடவ சொல்லு."

"எதப்பா?"

"அன்னைக்கு சொன்னியே. அந்த ஆளு தட்டினா அவன்கிட்ட இப்படிச் சொல்லுங்கன்னு. எனக்கு வார்த்த மறந்துபோச்சு. மறுபடி தட்ட ஆரம்பிச்சுட்டான். நீ சொல்லு, நான் சொல்லிக்கறேன்."

அவள் அவர் பக்கம் குனிந்தாள். இத்தனை நெருக்கத்தில் பார்க்கும்போது எல்லாக் கண்களையும் ஒரே மாதிரி பார்க்கப் பழகியிருந்தாள். பாவை, கருவிழி, ஓரத்து நரம்புகள். இந்தக் கண்களை அப்படிப் பார்க்க முடியவில்லை.

"உங்க மேல தப்பில்லப்பா."

அவர் பொறுமையாகத் தலையை அசைத்தார். "அது இல்ல. அது எல்லாரும் சொல்றது."

"அந்த ஆளு உங்கள மன்னிச்சிருப்பாருப்பா."

"ப்ச்." குழந்தை தப்பாகக் கணக்குப் போட்டால் வருமே, அப்படி ஒரு ஒலி. "நீ சொன்னது வேற."

அவருடைய வலது கை கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியில் இருந்தது. விரல்கள் மடங்கி, கணு எலும்பால் கம்பியைத் தட்டத் தொடங்கின. மெதுவாக. கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். பிடிக்குள்ளும் அது தட்டிக்கொண்டிருந்தது.

அப்பா அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மரியாதையாக, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயணியிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"பட்டாணி எப்ப வருவா?"

மறுபக்கத்தில் அம்மா கைப்பையைத் திறந்து அப்பாவின் போனை எடுத்தாள்.

"ஆறு மணி ஆகப் போகுது. அதுவே கூப்பிடும். இந்தா, காதுல வச்சு விடு."

"வேணாம்மா."

"அதுக்குத் தெரியும்டி. அது சொல்லும்."

"நான் இங்க இருக்கேன். நான்தான் அது."

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

வேறு வழி தெரியாமல் அவள் பேசத் தொடங்கினாள்.

"வேலை முடிஞ்சுதுப்பா. இன்னைக்கு ஒரு ஆளு வந்தாரு. எழுத்துப் பலகைய மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காரு. வண்டி ஓட்ற வேலையாம், கண்ணு போச்சுன்னா வேலை போச்சு. நான் கீழ் வரியப் படிங்கன்னு சொன்னேன், கடகடன்னு சொல்றாரு. நான் பலகைய மாத்திட்டேன்னு அவருக்குத் தெரியல. அப்புறம் ஒரு அம்மா வந்தாங்க. எந்த வில்லையப் போட்டாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்றாங்க. என் மனசு கஷ்டப்படக் கூடாதாம். இப்படியே சொன்னீங்கன்னா தப்பான கண்ணாடியோட வீட்டுக்குப் போவீங்கம்மான்னேன். பரவால்ல கண்ணு, பழகிக்கறேன்றாங்க..."

மடியில் போன் அதிர்ந்தது. அம்மாவின் சேலைமேல் அது மெல்ல நகர்ந்தது. அம்மா அதன்மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை. அது நிற்கும்வரை அவள் பேச்சை விடவில்லை. இருட்டறையைப் பற்றி, அறை வாடகைக்கு விட்ட வீட்டம்மாவின் பூனையைப் பற்றி, ஜன்னல் வழியே தெரியும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினாள். சொல்ல ஒன்றும் மிஞ்சாதபோது வாய் தானாகவே கண்ணாடிக் கடை வசனத்துக்குப் போனது.

"இப்ப தெளிவா இருக்காப்பா? இல்ல இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துச்சா? சரி, இது? இப்ப? அவசரமில்ல, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க..."

அவள் பிடிக்குள் தட்டல் மெதுவானது. இடைவெளிகள் நீண்டன. பிறகு நின்றது. நின்றுவிட்டது என்று அவளுக்குள் ஒரு சின்ன வெற்றி துள்ளியது. தூங்கட்டும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் பேசினாள். பூனை தொட்டிமேல் ஏறி இறங்கத் தெரியாமல் கத்திய கதையில் பாதிக்கு வந்திருந்தாள். நர்ஸ் வந்து தோளில் கை வைத்தாள்.

"போதும்மா" என்றாள் நர்ஸ்.

அம்மா அழுதாள். கட்டிலைச் சுற்றி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். வந்தவர்களிடம் எல்லாம், கடைசி நேரத்துல பொண்ணு பக்கத்துல இருந்தா, பேசிக்கிட்டே இருந்தா என்று சொன்னாள். போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அப்பாவை அனுப்பிவிட்டு வந்த மறுநாளும் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருந்தால் இவள் பதில் வைத்திருந்தாள். வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டு ஜோடி மட்டும் நின்றபோதும் அந்தப் பதில் வாய்க்குள்ளேயே கிடந்தது.

அதற்கு அடுத்த நாள் மனநல மருத்துவமனையிலிருந்து ஆலோசகர் வந்தாள். அவளைவிட இரண்டொரு வயது பெரியவளாக இருக்கலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா வந்துட்டு இருந்தாரு. நெஜமாவே. எங்க டாக்டரே ஆச்சரியப்பட்டாரு."

அம்மா தலையாட்டினாள்.

"நான் வந்தது வேற ஒண்ணுக்கும். அது இன்னும் சாயங்காலமானா கூப்பிடும். நடந்தது அதுக்குத் தெரியாது. நாங்களே அங்கருந்து மூடிடலாம். ஆனா சில பேரு தாங்களே சொல்லி முடிக்கணும்னு விரும்பறாங்க. இறந்துட்டாருன்னு ஒரு தடவ சொன்னா போதும், அதுவா மூடிக்கும். உங்க இஷ்டம்."

"அவர் என்ன பேசினாரு, அது என்ன சொல்லுச்சு, அதெல்லாம் எங்களுக்குக் கெடைக்குமா?" என்று அவள் கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்க முயன்றாள்.

"இல்லங்க. அவரு பேசினது அவரோடது. நானே கேக்க முடியாது." ஆலோசகர் கோப்பையைச் சுற்றினாள். "அப்புறம்... தப்பா எடுத்துக்காதீங்க. உயிரோட இருக்கறவங்க குரல வைக்கணும்னா அவங்களே சம்மதம் சொல்லணும். அதுல சம்மதம்னு அழுத்தியிருக்கு. ஆனா இப்ப உங்க முகத்தப் பார்த்தா, நீங்க..."

அம்மா தன் கோப்பைக்குள் எதையோ தேடினாள்.

"நான்தான் அழுத்தினேன்" என்று அம்மாவை முந்திக்கொண்டு அவள் சொன்னாள்.

ஆலோசகர் போன பிறகு அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போகும்போது அவள் தலையில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே வெளிச்சம் மங்கியபோது அப்பாவின் அறையில் போன் கூப்பிட்டது. அவள் போய் விளக்கைப் போட்டாள். கட்டிலில் அம்மாவின் பக்கம் விரிப்பு கசங்கியிருந்தது. அப்பாவின் பக்கம் இஸ்திரி போட்டதுபோல இருந்தது. போன் தலையணைமேல் கிடந்தது. குறுகலான நடைக்கு அப்பால் சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்த நினைத்து, பாதியோடு விட்டுவிட்டு, போனைத் தொட்டாள். குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அப்பா! வேலை முடிஞ்சுதுப்பா. என்ன, எடுக்கவே மாட்டேங்கறீங்க? கோவமா?"

தன் குரலைப் பதிவில் கேட்டால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். இது அந்தக் கூச்சம் இல்லை. இந்தக் குரலில் ஒரு மூச்சிரைப்பு இருந்தது, நடந்துகொண்டே பேசுகிறவளின் மூச்சிரைப்பு. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு சிரிப்பு வரவா என்று எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்பு தன்னை விட்டு எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனதே இப்போதுதான் தெரிந்தது.

"அப்பா இல்ல" என்றாள்.

"ஓ, வெளிய போயிருக்காரா? நல்லது. நடக்கணும்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்."

அவள் கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ அவர்கிட்ட என்ன சொன்ன? அந்த ஆளு தட்டினா என்ன சொல்லச் சொன்ன?"

ம்ம் என்று இழுத்தது குரல். உண்மையிலேயே யோசிப்பதுபோல.

"அது அவரோட விஷயம் இல்லையா. அவர்கிட்டயே கேளுங்களேன். அவரே சொன்னா அவருக்கும் நல்லா இருக்கும்." குரல் மென்மையாக இருந்தது. அதில் ஒரு துளிகூட மறைக்கிற தொனி இல்லை. "நீங்க யாரு பேசறீங்க?"

அவள் வாய் திறந்தாள். தன் பெயரைச் சொல்லலாம். சொன்னால் அது என்ன சொல்லும்? அப்பா மரியாதையாகக் கேட்ட அந்தக் கேள்வி காதுக்குள் எங்கோ இன்னும் நின்றிருந்தது.

"கேளு" என்றாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா..."

அதற்கு மேல் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான். இரண்டு நாளாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தாள், போனில், வாசலில், அலுவலகத்து மேஜைகளில். இதனிடம் சொல்ல முடியவில்லை. யாரோ ஒரு பெண்ணிடம், வேலை முடிந்து தெருவில் நடந்துகொண்டிருக்கும் பெண்ணிடம், உன் அப்பா என்று தொடங்க வேண்டியிருந்தது.

"மெதுவாச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றது குரல். பிறகு அக்கறையோடு, கொஞ்சம் சத்தமாக, "அம்மா இருக்காங்களா? அம்மா சாப்டாங்களா?" என்றது.

சமையலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

"எனக்கென்னடி, ரொட்டி இருக்கு. நீ மொதல்ல சாப்பிடு" என்றாள் அம்மா அங்கிருந்தே.

அவள் சட்டென்று எழுந்தாள். கதவின் இடைவெளி வழியே அம்மாவின் முதுகு தெரிந்தது. தொட்டிமேல் குனிந்து, முழங்கைவரை நுரையோடு.

"எப்பவும் இதையேதான் சொல்றீங்க" என்றது குரல்.

"எப்பவும் எங்க சொல்றேன்?" அம்மா ஒரு தட்டைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். "பசிக்கலடி. பசிச்சாத் தின்ன மாட்டேனா? படுக்கத்தான் முடியல. அவரு பக்கம் திரும்பினா வெறுசா இருக்கு. இந்தப் பக்கம் திரும்பினா, முதுகுக்குப் பின்னாடி அவரு உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. பயமா இருக்குடி. இத்தன வருஷம் கூட இருந்த மனுஷன். அவருக்குப் போய்ப் பயப்படறேன்."

அவளுக்கு இது தெரியாது. இரண்டு இரவும் அவள் கூடத்தில் படுத்திருந்தாள், அம்மா உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு. அம்மா என்று கூப்பிட வாயெடுத்தாள்.

"எந்த நேரத்துல அப்படி இருக்கும்மா?" என்று அவள் குரல், அவளுக்கு முன்பே, அறைக்குள்ளிருந்து கேட்டது.

"விளக்க அணைச்ச ஒடனே." அம்மா குழாயைத் திறக்கவில்லை. குரல் சரியாகக் கேட்க வேண்டும் என்பதுபோலத் தலையை லேசாகச் சாய்த்திருந்தாள். "சொல்லலாம்னு பார்த்தேன். நீயே அலைஞ்சு களைச்சுப் போயிருக்க..."

"களைப்பெல்லாம் இல்ல. சொல்லும்மா."

அம்மா சொல்லத் தொடங்கினாள். அப்பா போனதிலிருந்து அம்மா இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி அவள் கேட்டதில்லை.

அறை விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அவள் நிழல் கதவிடுக்கின் வழியாக நீண்டு, நடையைக் கடந்து, சமையலறைச் சுவரில் அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. அம்மா தலையைத் திருப்பினால் தெரியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், அந்த நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்தாள்.